கோட்டையும் மயிலாப்பூரும் பார்த்தாச்சு. சென்னையில் அடுத்த நடை எங்கே?

ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் வாரம் வந்துவிட்டால் நடைப் பயணங்களுக்குப் பஞ்சமே இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை, மயிலாப்பூர் மாட வீதிகள், எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா சிலைகள் என்று காலை ஆறு மணிக்கே கூட்டம் கூடிவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்த வழிகளில் நடந்தால் கவர்னர்கள், அவர்களுக்கு மொழிபெயர்த்து இடையாட்களாக இருந்த துபாஷிகள், வக்கீல்கள், சபா நடத்தியவர்கள் ஆகியோரின் சென்னைதான் கண்ணில் படும். கப்பலில் வந்த கவர்னரை அலை தாண்டிக் கரை சேர்த்த படகோட்டி, மில்லில் நெய்தவர், அந்த மில் முதலாளிகளை எதிர்த்துச் சங்கம் கட்டியவர், பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர் என இந்த ஊரைச் சுமந்தவர்களுடைய தெருக்கள் அந்த வழியில் வருவதே இல்லை.

அதைக் கவனித்தவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கிறது, மூன்று மணி நேரம் நடக்க முடியும், எங்கே போகலாம்? ஜார்ஜ் டவுன், ராயபுரம் முதல் காசிமேடு வரை, புளியந்தோப்பு முதல் பெரம்பூர் வரை, மெரினா ஓரத்துக் குப்பங்கள் என்று நான்கு வழிகள் என் மனதில் உண்டு. நான்கும் ஒரே மாதிரி இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதையும், எதை எப்படிச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்று விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன். முதலாவது, தெருவில் கண்ணால் பார்க்க எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, யாராவது சொன்னால்தான் தெரியும் என்பது எவ்வளவு. இரண்டாவது, கதையை யார் சொல்கிறார், காசு யார் கைக்குப் போகிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: நாம் அங்கே என்ன வேலையாக நிற்கிறோம்? பத்துப் பதினைந்து பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு குறுகிய சந்துக்குள் நுழைகிறோம். நமக்கு அது தெரு. வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பவருக்கு அது வீட்டின் ஒரு பகுதி. அவர் நிமிர்ந்து "என்னங்க, என்ன வேணும்?" என்று கேட்டால் நம்மிடம் நேரான பதில் ஒன்று இருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுன்

எளிதான வழி இது. ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் எதிரே பாரிமுனை. டேர் ஹவுஸ் கட்டிடத்தை ஒட்டி, அவசரத்தில் ஓடுகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கல்தூண் நிற்கிறது. 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியைக் கருப்பர் நகரம் என்றார்கள். முதல் கருப்பர் நகரம் இருந்தது இங்கே அல்ல, எதிரே இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்தார்கள், 1749இல் அது மறுபடி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து தாக்க வசதியாகிவிடும் என்று அந்த ஊரையே இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். தூணுக்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் வீடு கட்டக்கூடாது என்பது உத்தரவு. கம்பெனிக்காகத் துணி நெய்தவர்களும் சாயம் போட்டவர்களும் கணக்கு எழுதியவர்களும் வடக்கே போனார்கள். சாமியும் போனது. பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இருக்கும் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோயில்கள் அப்படி இடம் மாறி வந்தவைதான்.

உள்ளே நடக்க நடக்க, தெருவுக்குத் தெரு ஒரு சமூகம். அரண்மனைக்காரத் தெருவில் 18ஆம் நூற்றாண்டு ஆர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794இல் அச்சானது இந்த ஊரில்தான். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை இந்த வளாகத்துக்குள் இருக்கிறது. ஆர்மேனியர்கள் இன்று இங்கே இல்லை என்றே சொல்லலாம். பவளக்காரத் தெருவில் பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன யூத வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள், பிறகு அந்தத் தெரு நகரத்தார் விடுதிகளின் தெருவாயிற்று. மண்ணடியில் மரக்காயர்கள், சௌகார்பேட்டையில் மார்வாடிகளும் குஜராத்திகளும். வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த ஊர் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

இடம் கொடுத்ததா, யாருக்கு எந்த இடம் கொடுத்தது என்பதையும் கேட்க வேண்டும். வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாக நின்று, கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று அடித்துக்கொண்டது 1707இல். கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டு, பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்து வைத்தார். பறையர்கள் வலங்கையிலும் அருந்ததியர்கள் இடங்கையிலும் எண்ணப்பட்டார்கள். சண்டையில் முன்னால் நின்றவர்கள் அவர்கள். நல்ல தெருவில் வீடு கிடைத்தவர்கள் வேறு ஆட்கள். ஜார்ஜ் டவுன் நடைகளில் இந்தச் சண்டையை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இன்னொரு குறையும் உண்டு. இங்கே நடப்பவர்கள் தலையை நிமிர்த்தி மாடிகளையே பார்க்கிறார்கள். கீழே மீன்பாடி எனும் மூன்று சக்கர வண்டியில் துணி பேல் ஏற்றுகிறவரும், குடோன் வாசலில் படுத்துத் தூங்குகிற சுமைத் தொழிலாளியும் கண்ணில் படுவதில்லை. ஞாயிறு காலை கடைகள் மூடியிருக்கும், கட்டிடங்கள் நன்றாகத் தெரியும், நடக்கவும் சுகம். ஆனால் இந்த மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் வேலைநாளில்தான் போக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது.

பர்மா பஜாரை மறந்துவிடாதீர்கள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளைத் தேசியமயமாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பினார்கள். அவர்களுக்குப் பிழைக்க வழியாக வந்ததுதான் இந்தக் கடை வரிசை. அவர்கள் கொண்டுவந்த பர்மிய நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் இரண்டாவது கடற்கரைச் சாலையில் இன்றும் கிடைக்கும். மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும் என்பதால் காலை நடையோடு சேராது.

வயதானவர்களை அழைத்துப் போக, மெட்ரோவில் வந்து மெட்ரோவில் திரும்ப, யார் வீட்டு வாசலையும் மறிக்காமல் பார்க்க இந்த வழி நல்லது. தனியாகப் போனாலும் பாதி புரியும். ஆனால் ஓரத்தில் தள்ளப்பட்டவர்களைத் தேடிப் போகிறவருக்கு இது முழுப் பதில் அல்ல. இங்கே கல்லில் எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் காசு இருந்தவர்கள்.

ராயபுரம் முதல் காசிமேடு வரை

என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் ஒன்று இரண்டரை நூற்றாண்டுக்குப் பக்கமாக இருந்தது. கப்பல்கள் கடலுக்குள் தள்ளி நிற்கும். அங்கிருந்து கரைக்கு வர மசூலா படகைத் தவிர வேறு வழியில்லை. ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். அதனால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும். அதைச் செலுத்தத் தெரிந்தவர்கள் கோட்டைக்குப் பக்கத்துக் கரையில் வாழ்ந்த படகோட்டிகளும் மீனவர்களும். கவர்னர், பாதிரியார், சிப்பாய், மதுபானப் பெட்டி, பட்டணத்துத் துணி மூட்டை எல்லாம் அவர்கள் கையால்தான் ஏறி இறங்கின. அவர்களுக்குக் கொடுத்த பதில் மரியாதை, 18ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் கரையை விட்டு வடக்கே நகர்த்தியது. அப்படி நகர்த்தப்பட்டவர்கள் வளர்த்த ஊர் ராயபுரம். புனித பேதுரு தமிழில் இராயப்பர். அவர் பெயரில் படகோட்டிச் சமூகத்தார் தங்கள் செலவில் கட்டிய தேவாலயம் இன்றும் அந்தப் பகுதியின் நடுவில் நிற்கிறது. ஒரு சமூகம் தன் பணத்தில் கட்டித் தனக்கென்று வைத்துக்கொண்ட கட்டிடம் அது. இந்த வழியில் கட்டாயம் நிற்க வேண்டிய இடம்.

பக்கத்திலேயே ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் நிலையக் கட்டிடங்களில் பழையது இதுதான். வரிசையாக நிற்கும் உயரமான தூண்களுக்குக் கீழே இன்று ஏறி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் புறநகர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். சில தெரு தள்ளி பார்சிகளின் அக்கினிக் கோயில், தமிழ்நாட்டில் உள்ள ஒரே ஒன்று, 1910 வாக்கில் கட்டியது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வெளியில் இருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

அப்புறம் கடல். இந்த இடத்தில்தான் இந்த நடை மற்ற மூன்றையும் தாண்டிப் போகிறது. கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்து அகன்ற மணல்தான் நாம் பெருமைப்படும் மெரினா. வடக்கே மணல் வரவில்லை. கடல் ராயபுரக் கரையைத் தின்னத் தொடங்கியது. இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தால் மணலே இல்லை, கருங்கல் குவியல்தான். கட்டுமரம் ஏற்றி வைக்க, வலை காய வைக்க, பிள்ளைகள் விளையாட இடம் கிடையாது. தென்சென்னைக்குக் கிடைத்த கடற்கரை வடசென்னையிடம் இருந்து போனது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. அந்தக் கருங்கல் மேல் நின்று, அலை கல்லில் மோதுவதைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அதன் தொடர்ச்சி. விடியற்காலையில் விசைப்படகுகளில் இருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலம் விடுகிறவரின் குரல், சுற்றி நின்று விரலை அசைத்தே விலை சொல்லும் வியாபாரிகள். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு வஞ்சிரத்தை எடுத்தால் செதில் தட்டி, தலை நீக்கி, வயிறு கீறி, ஒரே கனத்தில் துண்டு போடுவதைக் கண் இமைக்காமல் பார்க்கத் தோன்றும். முழங்கை வரை செதில் ஒட்டியிருக்கும், கத்தி மட்டும் ஒரு நிமிடம் நிற்காது. கடலுக்குப் போகிறவர் ஆண். கரைக்கு வந்த பிறகு ஏலம் எடுப்பது, வெட்டுவது, கூடையைத் தூக்கித் தெருத் தெருவாக விற்பது, கடன் வாங்குவது, கடன் அடைப்பது என்று பெரும்பாலும் பெண்கள்தான்.

இங்கே நமக்கு ஒரு வேலை இருக்கிறது. மீன் வாங்கலாம். வேடிக்கை பார்ப்பவராக இல்லாமல் வாடிக்கையாளராக நிற்கலாம். நீங்கள் விலை கேட்கிறீர்கள், அவர் சொல்கிறார், நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்கள், அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு "அந்த விலைக்கு சங்கரா கூட வராதுப்பா" என்கிறார். பேச்சு தொடங்கிவிட்டது, இரண்டு பக்கமும் சமமாக நின்று. வெட்டுக்கூலி கொடுக்கும்போது எங்கிருந்து வருகிறார், எத்தனை வருஷமாக இந்த இடத்தில் உட்காருகிறார் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கேமராவை நீட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் நியாயமும்.

சில நடைமுறை விஷயங்கள். நிலையத்தில் தொடங்கிக் காசிமேட்டில் முடிப்பதுதான் வழக்கம். நான் தலைகீழாகச் சொல்வேன். இருட்டு விலகும் நேரத்துக்குக் காசிமேடு போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் தெற்கே நடந்து நிலையத்தில் முடியுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். தரை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நின்று பேச நேரம் கிடைக்காது, சனிக்கிழமை பரவாயில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, துறைமுகம் பாதி தூங்கும். அந்த மாதங்களில் வலை பின்னுவதும் படகு பழுது பார்ப்பதும் நடக்கும், அதுவும் பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் முதல் முறை போகிறவருக்கு அந்தச் சமயம் வேண்டாம்.

புளியந்தோப்பு முதல் பெரம்பூர் வரை

நான்கிலும் ஆழமான கதை இங்கேதான் இருக்கிறது. கண்ணால் பார்க்கக் குறைவாக இருப்பதும் இங்கேதான்.

பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில், கர்நாட்டிக் மில் இரண்டையும் சேர்த்து பி அண்ட் சி மில் என்பார்கள். 1870, 80களில் வந்த மில்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பித்தான் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் என்று குடியேறின. மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதாது, வெள்ளைக்கார மேஸ்திரிகள் அடிக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் முறையிட்டது பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜலு நாயுடுவிடமும். அவர்கள் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியாவையும் தமிழறிஞர் திரு. வி. க.வையும் அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

மூன்றே வருடத்தில் அந்தச் சங்கம் சாதியில் பிளந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் நடந்தது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. சங்கத்தின் பக்கம் நின்று சொல்பவர்கள், வேலைக்குப் போனவர்கள் போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பார்கள். சேரிப் பக்கம் நின்று சொல்பவர்கள், கையில் ஒருவார அரிசிகூட இல்லாதவனை யாரைக் கேட்டு வேலையை நிறுத்தச் சொன்னீர்கள், எங்கள் குடிசைகளை எரித்தவர்கள் யார் என்று கேட்பார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா சேரி மக்களுக்காகப் பேசினார். அப்போது ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் சங்கத்தின் பக்கம் சாய்ந்து எடுத்த நிலையில் மனம் கசந்து, 1923இல் அவர் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். தமிழக அரசியலில் இன்றுவரை நீளும் ஒரு விரிசல் இந்தத் தெருக்களில்தான் விழுந்தது.

இதை யார் சொல்லி நீங்கள் கேட்கிறீர்கள் என்பதுதான் இங்கே எல்லாமே. ஜார்ஜ் டவுனில் வழிகாட்டி தப்பாகச் சொன்னாலும் கல்தூண் தூணாகவே நிற்கும். இங்கே தூண் இல்லை. மில் 1990களில் மூடப்பட்டது. பிறகு அந்த வளாகத்தில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது, அடுக்குமாடிகள் வந்தன. சாலையில் நடந்தால் தெரிவது ஆட்டோ நிறுத்தம், இறைச்சிக் கடைகள், ஹவுசிங் போர்டு பிளாக்குகள், நெருக்கமான சந்துகள். 1921 பற்றி ஒரு பலகை தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். அறிந்த ஒருவர் கூட இல்லாமல் இந்தச் சந்துகளில் குழுவாக நுழைந்தால், நாம் பார்ப்பது வறுமையை மட்டும்தான். அதைப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் அங்கிருப்பவர்களும் நினைப்பார்கள். தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பாதுகாப்பு பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள், அதை நம்ப வேண்டாம். பகலில் மற்ற இடங்களைப் போல்தான் இதுவும்.

ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் இதே தெருக்கள் வேறாகிவிடும். மில் சங்கு ஊதினால் எந்தத் தெருவில் எப்படிக் கூட்டம் வரும், எந்த இடத்தில் சார்பட்டா பரம்பரைக்கும் இடியப்ப நாயக்கர் பரம்பரைக்கும் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது, எந்த மூலையில் கேரம் கிளப், சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடியவர் யார் வீட்டு மனிதர் என்று கதை ஓடும். பெரம்பூர் பக்கம் போனால் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பழைய வீடுகளும் சேர்ந்துகொள்ளும். அவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: 1921இல் இரண்டு பக்கத்தையும் சொல்வீர்களா? ஒரு பக்கம் மட்டும் சொல்பவர் என்றால் மறுபக்கத்தைச் சேர்ந்த இன்னொருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் சிரமம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரமம் எடுக்காமல் இந்த வழியில் நடப்பதில் அர்த்தமில்லை.

மெரினா ஓரத்துக் குப்பங்கள்

கலங்கரை விளக்கத்தைச் சுற்றி அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம். தூரம் குறைவு, காற்று உண்டு, குழந்தைகளும் நடக்கலாம். உழைப்பாளர் சிலையில் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும். 1860இல் அயோத்தியாகுப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலான ம. சிங்காரவேலர், 1923இல் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது இந்தக் கடற்கரையில்தான். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம். மெரினாவுக்கு வரும் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கே கரைதான் வழக்கு. அழகுபடுத்துகிறோம் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது வந்து படகையும் வலையையும் அகற்றச் சொல்லியிருக்கிறார்கள். 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டபோது நடுக்குப்பம் மீன் அங்காடி எரிந்தது. ஓடிவந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததற்குப் பழிவாங்கியது போலீஸ்தான் என்று அங்குள்ள பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2023இல் இந்தக் குப்பங்களை ஒட்டிப் போகும் லூப் ரோட்டு மீன்கடைகளை அகற்ற வந்தபோது மறியல் நடந்தது. 2024இல் மாநகராட்சி கட்டிய புதிய மீன் அங்காடி திறந்தது. ரோடு யாருடையது, கரை யாருடையது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

இந்த வழிக்கு மீனவர் ஒருவரே வழிகாட்டியாக வந்தால்தான் சுவை. கச்சான் காற்று அடித்தால் என்ன ஆகும், கொண்டல் அடித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், நெத்திலி எப்போது வரும் என்று அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொல்லும்போது, நாம் வெறும் தண்ணீராகப் பார்த்தது ஒரு வரைபடமாகத் தெரியத் தொடங்கும். அவருடைய அறிவுக்கு நாம் காசு கொடுக்கிறோம். கல்லூரிப் பேராசிரியருக்குக் கொடுக்கும் அளவுக்குக் கொடுத்தாலும் தகும். காலையில் கரையோரமாக மட்டும் நடப்பது நல்லது, வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கும் சந்துகள் வேண்டாம்.

கண்ணகி நகர்?

சுவரோவியங்கள் வந்த பிறகு இதையும் பலர் கேட்கிறார்கள். நடுச்சென்னையில் கூவம் ஓரத்திலும் அடையாறு ஓரத்திலும் வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடம் அது. அவர்களுடைய தெருக்கள் எங்கே இருந்தனவோ அங்கே நடந்தால் வரலாறு. அவர்கள் இப்போது பெட்டி பெட்டியாக அடைந்திருக்கும் இடத்தில் குழுவாக நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே விளையாட்டுப் பயிற்சிக்கோ, படிப்புதவிக்கோ, விழாவுக்கோ யாராவது அழைத்தால் போங்கள். நடைப் பயணமாக வேண்டாம்.

யாருடன் போவது

காசு கட்டிப் போகும் நடை, தானாகப் போவது, தெரிந்தவர் மூலம் ஊர்க்காரரை அழைத்துப் போவது என்று மூன்று வழி. காசு கட்டும் நடைகளில் நேரம், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் ஒழுங்காக இருக்கும், வெளியூர்க்காரருக்கு வசதி. பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள்: பேசப்போவது யார், அந்தத் தெருவில் இருந்து யாராவது பேசுவார்களா, அவருக்கு இதில் பங்கு உண்டா, எத்தனை பேர் வருகிறார்கள். டெல்லி பஹார்கஞ்சில் சலாம் பாலக் டிரஸ்ட் நடத்தும் நடையில், ஒருகாலத்தில் தெருவில் வளர்ந்த பிள்ளைகளே வழிகாட்டிகள். மும்பை தாராவியில் படம் எடுக்கக்கூடாது என்ற விதியோடு நடக்கும் நடைகள் இருக்கின்றன. இங்கே அப்படி எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை அல்ல. இருபது பேருக்கு மேல் என்றால் ஜார்ஜ் டவுனைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள். ஆறேழு பேர் சரியான எண்ணிக்கை.

சரி, முடிவுக்கு வருவோம். முதல் முறை என்றால் காசிமேட்டில் தொடங்கி ராயபுரத்தில் முடியுங்கள், ஜனவரி அல்லது பிப்ரவரியில், கையில் ஒரு மீன் பையோடு. அப்பா அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும் என்றால் ஜார்ஜ் டவுன், ஞாயிறு காலை. பள்ளிப் பிள்ளைகள் என்றால் குப்பம், மீனவர் ஒருவரோடு. தொழிலாளர் வரலாற்றிலும் சாதி வரலாற்றிலும் அக்கறை உள்ளவர், ஏற்கெனவே கொஞ்சம் படித்தவர் என்றால் புளியந்தோப்பை விட்டுவிடக்கூடாது, ஆனால் அதற்கு ஆள் பிடிக்க ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். மே மாத லீவில்தான் வர முடியும் என்பவர்கள் கத்திரி வெயிலில் காசிமேட்டுக்கு அலைய வேண்டாம். விடிந்தவுடன் ஜார்ஜ் டவுன் நடந்துவிட்டு, சாயங்காலம் மறுபடி வந்து பர்மா பஜார்ப் பக்கம் அத்தோ சாப்பிடுங்கள். தட்டைக் கையில் கொடுப்பவரிடம் அவர் குடும்பம் எந்த வருஷம் கப்பலேறியது என்று கேட்டுப் பாருங்கள்.